மார்கழிப் பனியில் ஒரு ட்ரோனும், வராத ரசீதும்

மார்கழி போய், தை போய், மாசியும் பிறந்துவிட்டது. எதிர்வீட்டுப் பையனின் ட்ரோன் இன்னும் திரும்பி வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பூங்கா பெஞ்சில் என்னோடு உட்காரும் பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். "வேலையத்த கெழவன், சின்னப் பையன் பின்னாடி கடற்கரைக்குப் போய் பொம்மை விட்டுக்கிட்டு இருக்கான்" என்று அவர்கள் பேசியது என் காதுக்கும் வந்தது. பதில் சொல்ல எனக்கு இருக்கிற இடம் இது ஒன்றுதான்.

பையன் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படிக்கிறான். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். ட்ரோன் கடையில் வாங்கியதல்ல. ரிச்சி தெருவுக்குப் பத்து தடவை நடந்து, மோட்டார் ஒரு கடையில், பலகை ஒரு கடையில், கேமரா இன்னொரு கடையில் என்று சேர்த்து, வீட்டு மாடியில் சால்டரிங் வைத்து அவனே பூட்டியது. பேட்டரியோடு சேர்த்து 240 கிராம். மளிகைக் கடைத் தராசில் நானே நிறுத்திப் பார்த்தேன். ஏன் நிறுத்தினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்கழி முழுக்க விடியற்காலையில் நானும் அவனோடு போனேன். எனக்கு எப்படியும் நாலரைக்குத் தூக்கம் போய்விடும். திருவொற்றியூர் கரையில், அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே போய் நிற்போம். எங்கோ ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. மணலிப் பக்கமிருந்து வழக்கமான வாடை. வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் பறக்கவிட வேண்டும் என்று முதல் நாளே கண்டிஷன் போட்டுவிட்டேன்.

முதல் நாள் பையன் பேட்டரியை எடுத்துச் சட்டைக்குள், அக்குளுக்கடியில் சொருகிக்கொண்டான். மஃப்ளர் வேறு.

"இன்னாடா இது?"

"பேட்டரி சூடா இருக்கணும் தாத்தா. குளிர்ல சார்ஜ் இறங்கிடுமாம். யூடியூப்ல சொல்லிக்கிறாங்க."

சொன்னவன் கனடாக்காரனாக இருப்பான். விஷயம் தப்பில்லை. லித்தியம் பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. குளிர் ஏற ஏற உள்ளே அயனிகளின் ஓட்டம் மந்தமாகும், உள் மின்தடை கூடும். தரையிலிருந்து கிளம்பும்போது நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுத்தால் மின்னழுத்தம் படக்கென்று விழும். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். கடுங்குளிரில் கிளம்பிய நிமிஷமே அபாய எல்லைக்குப் போய்விடும். இருபது நிமிஷம் பறக்க வேண்டியது பாதியிலேயே இறங்கச் சொல்லும். அதனால்தான் குளிர் நாட்டுக்காரர்கள் பேட்டரியைச் சட்டைப்பையில் வைத்துச் சூடு காத்து, மேலே எழும்பியதும் ஆளுயரத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்து, பேட்டரி தானே சூடேறிய பிறகு உயரே அனுப்புகிறார்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுப்போகும். என் தங்கை பேரன் பிரான்சில், கிரெனோபிள் பக்கத்து மலையில், பனியில் பறக்கவிடுகிறவன். இதெல்லாம் அவன் போனில் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஆனால் நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது? நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரி. மார்கழி விடியலில் சாதாரணமாக 20, 21. அந்தக் குளிருக்கு நாம்தான் குரங்குக் குல்லா போடுகிறோமே தவிர, பேட்டரிக்கு அது சுகமான வெயில். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தி கூடுதல் என்பதால் இறக்கைக்குப் பிடிமானம்கூட நன்றாகவே கிடைக்கும்.

நம் ஊர் ட்ரோனைக் கொல்வது வேறு. பனி ஈரம். அந்த ஈரத்தில் கரைந்து வரும் கடல் உப்பு. மோட்டாருக்குள் புகுந்து பேரிங்கைத் துரு ஏற்றும்; பலகையில் பச்சை பிடிக்கும். பையன் தன் அக்காவின் நகப்பாலிஷை எடுத்துப் பலகை முழுக்கப் பூசினான். நான் சிரித்தேன். பிறகு விசாரித்தால் உலகமெங்கும் ட்ரோன் பிரியர்கள் செய்வது அதுதானாம். உயரத்தை அளக்கும் காற்றழுத்தக் கருவியின் துளையை மட்டும் மூடிவிடக் கூடாது. அடுத்தது இரும்பு. துறைமுகப் பக்கத்தில் கன்டெய்னர், தண்டவாளம், மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கிளப்பினால் ட்ரோனின் திசைகாட்டிக்குத் தலை சுற்றும். போகிப் புகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. இந்த 240 கிராம் எந்த மூலைக்கு? இதையெல்லாம் யூடியூபில் எந்தக் கனடாக்காரனும் சொல்ல மாட்டான். இந்தப் பையன்கள் விட்டுப் பார்த்து, உடைத்துப் பார்த்து, தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போது அன்றைக்கு எனக்கு ஜலதோஷம். பையன் தனியாகப் போனான். ஏழரை மணிக்கு வாசலில் வந்து நின்றான்.

"எத்துனு பூட்டாங்க தாத்தா."

இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் சீருடையில். இங்கெல்லாம் இது பறக்கக் கூடாது என்று சொல்லி ட்ரோன், ரிமோட், பேட்டரி மூன்றையும் வாங்கிக்கொண்டு, அப்பாவை அழைத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எந்தச் சட்டத்தில் என்று சொல்லவில்லை. எழுதி எதுவும் கொடுக்கவில்லை. அப்பா கடலில் இருந்தார், திரும்ப இன்னும் ஆறு நாள். ஆகவே நான் போனேன். மூன்று நாள் போனேன். மூன்றாவது நாள் ஒருவர், "பெரியவரே, உங்களுக்கு ஏன் இந்த வேலை" என்று அன்பாகவே கேட்டார்.

எனக்கு ஏன் இந்த வேலை என்றால், முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு மரநாற்காலி ஒரு செக்ஷனிலிருந்து இன்னொரு செக்ஷனுக்குப் போனால்கூட ஒப்புகைக் கையெழுத்து வாங்காமல் விட்டதில்லை. ஒரு குடிமகனின் பொருளை அரசாங்கத்தின் கை எடுத்தால் ஒரு துண்டுக் காகிதமாவது அவன் கைக்கு வர வேண்டும். அந்தக் காகிதம் இல்லை என்றால் எடுத்தது பறிமுதல் அல்ல. அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

நம் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "நல்ல வேலை பண்ணாங்க. ட்ரோன்னாலே சட்டவிரோதம்." ஐயா, யார் சொன்னது? சட்டத்தைப் படித்தீர்களா? நான் படித்தேன். 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள். என் சர்வீசில் இப்படி ஒரு விதியை நான் பார்த்ததில்லை: முன்பிருந்த 25 படிவங்களை 5 ஆக்கினார்கள், 72 வகைக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். எடை 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். நானோவுக்கும், தொழிலுக்கு அல்லாத மைக்ரோவுக்கும் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். தராசில் நிறுத்தியது இதற்காகத்தான். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தைப் பையனோடு உட்கார்ந்து நானே நிரப்பினேன். வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தலைவைத்துப் படுக்கக் கூடாது. நாங்கள் போகும் முன் ஒவ்வொரு நாளும் பையன் போனில் அந்த வரைபடத்தைத் திறந்து காட்டிய பிறகே கிளம்புவோம். தலைவர்கள் வருகிறார்கள் என்று காவல்துறை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக்கலாம்; அதற்கும் எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி உத்தரவு போட வேண்டும், 96 மணி நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது. இதெல்லாம் கல்லில் செதுக்கின மாதிரி தெளிவாக இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றினால் அதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கேமரா வைத்திருந்தான் என்று ஒரு பையனிடமிருந்து கேமராவைப் பிடுங்கியவர்கள், அதைக் கேமராவில் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிரகத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் 19 அன்று நாசாவின் இன்ஜெனுவிட்டி அங்கே பறந்தது. இரவில் மைனஸ் 90 டிகிரி வரை போகும் இடம். அதன் பேட்டரியின் சக்தியில் பெரும்பங்கு பறப்பதற்கு அல்ல, ராத்திரியில் உறையாமல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவானது. பையன் பேட்டரியை அக்குளில் வைத்த அதே வேலைதான். ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 2024 ஜனவரி வரை 72 தடவை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், நம்ம கிண்டி ஐஐடியில் படித்தவர். அந்த ஹெலிகாப்டரின் எடை 1.8 கிலோ. நம் விதிப்படி அது மைக்ரோ. பொழுதுபோக்குக்கு விட்டால் ஓட்டுநர் சான்றிதழ்கூட வேண்டாம். திருவொற்றியூர் கரையில் இறங்கியிருந்தால் அதற்கும் ரசீது கிடைத்திருக்காது.

மாடியில் துணி காயப்போடும் பெண்களை எட்டிப் பார்ப்பான்களே என்று ஒரு அம்மா கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. இதற்கு நான் குதர்க்கம் பேச மாட்டேன். வீடுகளுக்கு மேலே விடக் கூடாது, அவ்வளவுதான். பிரான்சில் ஊருக்குள் பொது இடத்துக்கு மேலே பொழுதுபோக்கு ட்ரோன் விடவே கூடாது. கேமரா இருந்தால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். 120 மீட்டருக்கு மேல் கூடாது. கட்டுப்பாடு அங்கே நம்மைவிடக் கடுமை என்றே சொல்வேன். ஆனால் எங்கே விடலாம் என்று அரசாங்கமே வரைபடம் போட்டு வைத்திருக்கிறது, அங்கே விட்டால் யாரும் வந்து கேட்பதில்லை. எங்கள் பையன் விட்டதும் வீட்டுக்கு மேலே அல்ல, கடலைப் பார்த்து. கீழே இருந்தது கல்லும் நண்டும்.

அந்த நாட்டு மொழியில் படித்தவன் என்பதால் ஒரு பழைய கதை எனக்கு மறப்பதில்லை. 1783 ஆகஸ்ட் 27. பாரிசில் சார்ல் என்ற பேராசிரியர் ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் ஒன்றை மேலே விட்டார். ஆள் இல்லாத பலூன். முக்கால் மணி நேரத்தில் கொனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. கிராமத்து ஜனங்கள் ஏதோ பூதம் என்று பயந்து கவைக்கோலால் குத்திக் கிழித்து, மிச்சத்தைக் குதிரை வாலில் கட்டி இழுத்தார்கள். எங்கள் வாத்தியார் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்த மன்னர் ஆட்சி உடனே மக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: வானத்தில் கறுத்த நிலா மாதிரி ஒன்றைக் கண்டால் பயப்படாதீர்கள், அது துணியில் செய்த இயந்திரம், யாருக்கும் கெடுதல் செய்யாது என்று. அடுத்த வருஷமே பாரிஸ் போலீஸ், அனுமதி இல்லாமல் பலூன் விடத் தடையும் போட்டது. முதலில் விளக்கம், பிறகு சட்டம். 240 வருஷத்துக்கு முன்னால், படிப்பறிவில்லாத ஜனங்களுக்கு. நம் தெருவில் பாதிப் பேர் பட்டதாரிகள். கவைக்கோல் மட்டும்தான் இருக்கிறது.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறார்கள். துறைமுகம் இருக்கிறது, சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது, எம்டன் வந்து குண்டு போட்ட ஊர் இது. ஒப்புக்கொள்கிறேன். அந்த இடங்களுக்கு மேலே எவனும் விடக் கூடாது. ஆனால் இந்த ஊரில் எண்ணூர் வரைக்கும் அது இல்லாத இடம் எது? எங்களுக்கு மிச்சம் வைத்திருப்பது அந்தக் கல் கரை ஒன்றுதான். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் வந்தபோது எங்கள் பிள்ளைகள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. வீட்டுச் சுவர், வலை, படகு, கூழைக்கடா எல்லாம் கறுப்பு. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா. புகைபோக்கி அடி கணக்கில்லாமல் எங்கள் வானத்தில் ஏறலாம். சாம்பல் பறக்கலாம். அதையெல்லாம் பார்க்காத பாதுகாப்பு, ஒரு பையனின் கால் கிலோவைப் பார்த்துவிட்டது. பறப்பதில் அல்ல, மேலே இருந்து பார்ப்பதில்தான் யாருக்கோ சங்கடமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் தப்பாகவும் இருக்கலாம்.

போலீசார் மட்டும் ட்ரோன் வேண்டாம் என்பவர்களா என்றால் அதுவும் இல்லை. 2023 ஜூனில் அடையாறில் ட்ரோன் பிரிவே தொடங்கினார்கள். நல்ல காரியம். டெல்லியில் 2022 ஜனவரி 29, நல்ல குளிர்கால இரவு, முப்படைகள் பாசறை திரும்பும் விழாவில் ஆயிரம் ட்ரோன்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டு நாடே கைதட்டியது. செய்தது ஐஐடி பிள்ளைகள் தொடங்கிய கம்பெனி. சரியாகப் பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 9 அன்று, வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகம் வரலாம் என்று விட்டார்கள். அதன் அர்த்தம் என்ன? வாங்காதே, நீயே செய் என்பது. செய்தானே, இந்தப் பையன்! செய்தவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

கடைசியாகப் பெஞ்சுக்காரர்களுக்கு. உங்களில் மூன்று பேர் ஒரு காலத்தில் இந்தப் பேட்டையின் காத்தாடி ராஜாக்கள். மாடிக்கு மாடி டீல் போட்ட கதையை இன்றும் மீசையை முறுக்கிச் சொல்கிறீர்கள். நான் பிரெஞ்சில் படித்தபோது காத்தாடிக்கு செர்-வோலான் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பறக்கும் மான். அழகான பெயர். அந்த மானின் கயிற்றில் கண்ணாடித் தூளைத் தடவியது நம் தலைமுறை. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா அறுத்தது. ஒவ்வொரு வருஷமும் தடை போடுகிறார்கள், ஒவ்வொரு வருஷமும் மாஞ்சா விற்கிறது. அதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள் என்று நான் இரண்டு முறை சொல்லிவிட்டேன். நேரமில்லை என்றார்கள். ட்ரோனுக்கு எதிராகத் தீர்மானம் போடப் பத்து நிமிஷம் ஆனது.

தை மாதம் முதல் வாரம், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். மூன்று கேள்வி. இன்ன தேதியில் இன்ன இடத்தில் கைப்பற்றிய ட்ரோன் எந்தச் சட்டப் பிரிவின்படி கைப்பற்றப்பட்டது. எந்தப் பதிவேட்டில் எந்த வரிசை எண்ணில் ஏறியது. இப்போது எங்கே இருக்கிறது. பதில் போன வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே வரி. அப்படி ஒரு பொருள் கைப்பற்றப்பட்டதாகப் பதிவேடுகளில் தகவல் இல்லை.

பையனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "அப்ப நான் விட்டதே இல்லையா தாத்தா?" என்றான். அவன் அப்பா, இத்தோடு விடுங்க சார், பையன் பேர் அங்க இங்க வரக் கூடாது என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. மனுவில் அவன் பெயர் இல்லை, என் பெயர்தான் இருக்கிறது. பென்ஷன்காரனை யார் என்ன செய்துவிட முடியும்?

முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. டைப் அடித்துவிட்டேன். திங்கட்கிழமை ஒப்புகையோடு தபாலில் போகிறது. நகலை இங்கேயே போடுகிறேன்.